அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

1.

இந்தக் கதை ஒரு திருட்டிலிருந்து பிறந்தது. திருடியவள் நான். பறிகொடுத்தவள் என் அம்மா.

(ஐந்து தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. அன்றைக்கு மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

கதைக்குள் எனக்கு 'மகள்' என்று பெயர். 'நான்' என்று எழுதினால் தராசை என் பக்கம் சாய்த்துவிடுவேன் என்று பயம். மூன்றாம் ஆளாக நிறுத்திவிட்டால் கூச்சமில்லாமல் திட்டலாம்.

2.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். சபையில் கொடுக்கும் மாதப் பத்திரிகையை மகள் வாய்விட்டுப் படிக்க, அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். செய்தியெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவாள். வாசகர் பக்கம் வந்ததும் கத்தி நின்றுவிடும். மாதம் ஒரு கேள்வி, அதற்கு வாசகர்களின் பதில், கீழே எழுதியவர் பெயர். தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்பது அம்மாவின் பேராசை. அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதுவாள். ஒன்பது கடிதங்கள் அச்சில் வந்துவிட்டன. ஒன்பதையும் அம்மா கத்தரித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள்.

பத்தாவது கேள்வி இது: 'ஆவியானவர் உங்களுக்கு அருளிய வரம் எது? போர் நடக்கும் இந்நாட்களில் அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?'

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காரணம் இருந்தது. அவள் மகன், அதாவது மகளின் தம்பி, வேலைக்குப் போயிருக்கும் தேசத்தில்தான் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். சைரன் அடித்தால் பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்வானாம்.

அம்மா சொன்னது, ஓர் எழுத்தும் மாறாமல்:

"எழுது. எனக்கு அந்நியபாஷை வராது. தீர்க்கதரிசனமும் கிடையாது. அழுக்கு விரிப்பப் பாத்தா, அதுல படுத்திருந்தவங்களுக்கு என்ன வலின்னு தெரியும். அதான் எனக்குள்ள வரம். பேர் தெரியாது, விரிப்பக் கையில வச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் மெஷின்ல போடுவேன். சண்டையில யார் பக்கம் நியாயம்னு எனக்குத் தெரியாது. எம்புள்ள தலைக்கு மேல குண்டு போடுறவனும் யாரோ பெத்த புள்ளதான். அவன் சாகணும்னு நான் கேக்கல. காலையில அவனுக்கு வயித்தால போகட்டும், அன்னிக்கு முழுக்க எந்திரிக்க முடியாம கிடக்கட்டும்னுதான் தினமும் கேக்குறேன்."

பத்திரிகையில் வந்தது:

'மன்றாட்டின் வரத்தைப் பெற்ற நான், உலக சமாதானத்திற்காக அனுதினமும் முழங்காலில் நிற்கிறேன்.'

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. மகள் ஏன் வெட்டினாள்? சபையில் ஆவி நிறைந்து யாருக்கும் புரியாத அந்நியபாஷை பேசுகிறவர்களுக்கு முன்வரிசை. தீர்க்கதரிசனம் சொல்கிறவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. ஆராதனை முடிந்து பாய் மடிப்பது எந்த வரத்தில் சேர்த்தி என்று யாரும் பிரசங்கித்ததில்லை. அது அம்மாவின் வேலை. மகளுக்கு அந்த முன்வரிசையின் மேல் அடங்காத ஆத்திரம். ஆனால் ஆத்திரத்தோடு அவள் செய்தது என்ன? முன்வரிசைக்காரர்கள் பேசுகிற மாதிரியே அம்மாவைப் பேச வைத்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். பட்டத்தோடு சேர்ந்து வெட்கமும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

3.

சலவைப் பிரிவில் தேநீர் இடைவேளை பத்து நிமிஷம். இஸ்திரி போடுகிறவள் எட்டாவது வரை படித்தவள். அன்றைக்குப் பத்திரிகையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். போர் கடைசிகாலத்தின் அடையாளம், களிகூருங்கள் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். களிகூருகிறவர் ஒருநாள் என் வார்டுக்கு வந்து கட்டுப் பிரிக்கட்டும் என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். மூன்றாவது அம்மாவுடையது.

அம்மா, இது நான் சொன்னதில்லை என்றாள். அடக்கமாக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். வயிற்றுப்போக்கு வந்த இடத்தில் சலவைப் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. மூட்டை பிரிப்பவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷனும் அதே தேசத்தில் இருக்கிறான்.

"இப்படிக் கேக்கலாம்னு எனக்குத் தெரியாதேக்கா," என்றாள். "அவனுங்க நாசமாப் போகணும்னு வருது. அப்படிக் கேக்கக் கூடாதுன்னு ஒரு மாசமா ஜெபமே பண்ணல. இதப் போட்டிருந்தா நானும் கேட்டிருப்பேனே."

4.

அம்மா கண்ணீரும் கம்பலையுமாக வீட்டுக்குள் நுழைந்து—

இல்லை. இதை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் எப்படி அழுதேன்?" என்றாள். "அதுவும் போக, மகள் மகள்னு எழுதியிருக்கியே, யாரு அவ? அடுத்த வீட்டுக்காரியா?"

சரி. நான்.

அம்மா வந்தாள், காலைக் கழுவினாள், இனிமேல் இஸ்திரிக்காரி எழுதிக் கொடுப்பாள் என்றாள். மூட்டை பிரிப்பவள் சொன்னதையும் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அசிங்கமாக இருக்குமே என்றுதான் மாற்றினேன் என்றேன்.

"யாருக்கு அசிங்கம்?"

(இதற்குக் கீழே அம்மா பேசுவதாக இரண்டு பத்தி எழுதியிருந்தேன். தாய்மை, உழைப்பு, கிறிஸ்துவின் தாழ்மை எல்லாம் இருந்தது. நன்றாகவும் இருந்தது. அம்மா அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என் ஆயுசில் நான் உருப்படியாக வெட்டியது அந்த இரண்டு பத்திதான்.)

5.

முடிவுகள் சில கைவசம் உண்டு.

அ) அம்மா முதியோர் வகுப்பில் சேர்ந்து தன் கையால் எழுதுகிறாள். படித்துக் காட்டியபோது, "ஒரு ஷிப்ட்டு நின்னுட்டு வந்து நான் பாடம் வேற படிக்கணுமா?" என்றாள்.

ஆ) தம்பி திரும்பி வர, எல்லோரும் முழங்காலிட்டு— தம்பி இன்னும் வரவில்லை.

இ) பத்திரிகை ஆசிரியர் அம்மா சொன்னதை அப்படியே வெளியிடுகிறார். அவரும் வெட்டியிருப்பார். நான் அவருக்கு வேலை மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. இஸ்திரிக்காரி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். இரண்டு வரிக்கு ஒரு வேத வசனம் வந்தது.

"நீ வெட்டுற, அவ சொருகுறா," என்றாள் அம்மா. "பேப்பர எடு. உங்கிட்டயே திரும்பி வந்துட்டேன்னு நெனைச்சுக்காத. ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டணும். மாத்தினா இதோட சரி."

படித்துக் காட்டும்போதும் நான் பொய் படிக்கலாம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என் எதிரில் உட்கார்ந்தாள். கல்லூரியில் நிறுத்தற்குறி சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே சட்டென்று நிற்பது என்பதெல்லாம் இந்தப் பொம்பளை முன்னால் பேனாவோடு உட்கார்ந்து கற்றது. பத்துக் கடிதத்திலும் அவளிடமே கற்று அவளையே திருத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஒருத்தி வந்து உட்காருகிறாள் என்றால், வரம் என்று நான் எதைச் சொல்லட்டும்?

6.

இந்த மாதக் கேள்வி: 'கேட்டு இன்னும் கிடைக்காத ஜெபத்தை என்ன செய்கிறீர்கள்?'

அம்மா சொன்னாள், எழுதினேன், படித்துக் காட்டினேன், தலையாட்டினாள். இதுவரை நான்கு வரி:

"தினமும் கேக்குறேன். கெடைக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? எந்தக் குண்டு விழாம நின்னுச்சுன்னு யாரும் எண்ணிச் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒண்ணு, கேட்டுக்கேட்டு நான்தான்—"

தம்பி கூப்பிட்டான். அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பது கேட்கிறது. என்னவோ சொல்கிறான், சிரிக்கிறாள். ஸ்தோத்திரம். இது என் வார்த்தை, அவள் சொல்லி எழுதியது இல்லை.

'நான்தான்' என்பதற்குப் பக்கத்தில் பேனா நிற்கிறது. அந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடிக்க எனக்குத் தெரியும். மூன்றும் நன்றாக வரும். உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரைப் போட்டு.

நான் காத்திருக்கிறேன். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.