எயர்கோன் அறையில் ஒரு பிர்ச்

தங்கமணி பின்னறைக் கதவைத் திறந்ததும் எயர்கோன் குளிர் முகத்தில் அடித்தது. ஜன்னலோரத் தொட்டியில் பிர்ச் மரம் அவள் தோளுயரம் நின்றது. பழுப்புப் பட்டை வெளுத்து, மெல்லிய தாளைப் போல உரிய ஆரம்பித்திருந்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள், ஈரம் இருந்தது. ஆனாலும் இலைகள் ஓரத்தில் மஞ்சளாகிக்கொண்டு வந்தன.

கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டும் அவள் கணவர் சபாபதி, போன மாதம் கோசுப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து இதை வெயில் காயும் கிள்ளான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசல் கறிவேப்பிலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனிதர். "குளிர் தேசத்து மரம். எயர்கோன் ஓடிக்கிட்டே இருக்கணும். நீ இங்கயே படுத்துப் பாத்துக்க லா" என்று அவள் தலையணையைத் தானே தூக்கி வந்து போட்டார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அறையிலிருந்த அந்த எயர்கோனைத் தங்கமணி தொட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய உடம்பு இரவில் திடீரென்று கொதிக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கூடத்தில் நடப்பாள்; கேட்டால், "எனக்குக் காத்தாடி போதும்" என்பாள்.

மரம் வந்த பிறகு போனில் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். "வேர் சூடாகக் கூடாது. மண்ணு மேல காஞ்ச எலையப் போட்டு மூடி வை."

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"நர்சரியில சொன்னாங்க."

சொன்னாங்க. ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லில் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றே அப்படிச் சொன்னாரோ? பாத்திரம் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த ஒரு சொல் அவளை அரித்தது.

தொட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த நர்சரி எண்ணுக்கு இன்று போன் போட்டாள். எடுத்தது பெண் குரல், வயதும் அதிகமிருக்காது. பெயர் புனிதாவாம்.

"லோரிக்காரர் சபாபதி வீட்டிலேர்ந்து பேசறேன். மரத்துல எல மஞ்சளாவுது."

"ஆவும் அக்கா. கிள்ளான்ல அது நிக்காது. அறைக்குள்ள வெயில் பத்தாது. அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன்."

"தெரிஞ்சேவா வாங்கினாரு?"

"உங்களுக்குச் சூட்டுல தூக்கம் வராதாம். உங்களுக்காகன்னா எயர்கோன் போட மாட்டீங்களாம், மரத்துக்காகன்னா போடுவீங்களாம். உங்களுக்குப் பழகற வரைக்கும் இருந்தா போதும்னாரு."

போனை வைத்த பிறகு தங்கமணி மரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு மாதமாக விடியும்வரை தூங்கியது அப்போதுதான் உறைத்தது. அடுத்த கணமே வேறொன்று குத்தியது. என் உடம்புச் சூட்டை முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல இவருக்கு வாய் வந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் என்னென்ன சொல்லியிருப்பார்?

இரவு வீடு வந்திருந்த சபாபதி மறுநாள் காலை லோரியைக் கிளப்பும்போது அவள் தொட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இது இங்க செத்துடும். மலையிலயே வச்சிடலாம்."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப எயர்கோன்?"

"அது ஓடட்டும்." தொட்டியை முன் சீட்டின் காலடியில் வைத்து, அவளும் ஏறிக்கொண்டாள். "நானும் வரேன்."

மலையடிவாரத் தாப்பா தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. முழங்கால்களுக்கு நடுவே நின்ற மரத்தின் இலைகள் அவள் கன்னத்தில் உரசின. அவள் ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டாள்.

நர்சரி வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளம்பெண் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தாள், புனிதாவாகத்தான் இருக்கும். லோரியைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். பிறகு பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. குழாய்த் தண்ணீர் அவள் பூட்ஸ் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

தங்கமணி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சபாபதியின் இரண்டு கைகளும் பதிலுக்கு உயராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன.