ஒரே முள்ளில் இரண்டு குரல்

கொட்டச்சேடு எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டி, ஆசையாக வாங்கி வந்த டிரான்சிஸ்டர் ரேடியோ ஒரே வாரத்தில் என் கோபத்தைக் கிளப்பிவிட்டது. பகலெல்லாம் ஒழுங்காகப் பேசுகிற பெட்டி, பொழுது சாய்ந்ததும் செய்திக்கு அடியில் எவளோ ஒருத்தி பாடுவதையும் சேர்த்துக் கொடுத்தது. என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை.

"நாளைக்கே சேலத்துக்குப் போயி அந்தக் கடைக்காரன் மூஞ்சியிலயே விட்டெறியறேன் பாரு!" என்று கத்தினேன்.

என் மனைவி செல்வமேரி மேசையைத் துடைத்தாள். துடைப்பதற்காகப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். செய்தி அப்படியே அமுங்கிப்போனது. அந்தப் பெண்ணின் பாட்டு மட்டும் அறை முழுக்க நிறைந்தது.

நிலையம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது இம்மியும் நகரவில்லை. பெட்டியை மறுபக்கம் திருப்பினேன். செய்தி மட்டும் வந்தது. பழையபடி திருப்பினேன், அவள் பாடினாள். ஒரே முள்ளில் இரண்டு ஊர் நிலையங்கள், பெட்டி திரும்பும் திசைக்கு ஒன்றாக! எந்தக் கடலையோ தாண்டி வந்த குரல், தினமும் ராத்திரி எங்கள் காபிச் செடிகளுக்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

செல்வமேரி துணியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஏனுங்க, அந்த ஊர்ல எவளாச்சும் மேசை தொடைக்கறப்ப, நம்ம செய்தியும் இப்படிக் கேக்குமுங்களா?"

"கேக்கும் புள்ள" என்றேன், அந்த ஊர்க்காரிக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் மெதுவாக.