மதௌஷெக் வீட்டுச் சுவரில் இருந்த தோல்

"பாம்போட நீளம் ரெண்டு மீட்டர் முப்பத்தியொண்ணு சென்டிமீட்டர்" என்று கீழ்வீட்டு மதௌஷெக் எழுந்து நின்று அறிவித்தபோது, வெந்துலாவுக்குக் காதுமடல் கொதித்தது.

செக் நகரமான ஒஸ்த்ராவாவின் அந்தப் பழைய அடுக்குமாடியில் குடியிருப்போர் கூட்டம் என்றால் கீழ்த்தளத்துத் தள்ளுவண்டி அறையில்தான். குழந்தை வண்டிகளை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் வீட்டுச் செருப்போடு வந்து மடக்கு நாற்காலியில் உட்காருவார்கள். வெந்துலா எப்போதும் கதவோரம். அந்த அறையில் அவள் வாய் திறந்தது ஒரே முறை, போன வசந்தத்தில். வீட்டுப் பாம்பு இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெளியேற்ற வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். "எனக்குச் சம்மதம்" என்று அவளும் கையைத் தூக்கினாள்.

தான் வளர்க்கும் போவாப் பாம்பு இரண்டு மீட்டர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அளந்து பார்த்ததில்லை. பெட்டியின் அகலத்தையும் அதற்குள் பாம்பு படுத்திருக்கும் மடிப்புகளையும் வைத்துக் கண்ணால் போட்ட கணக்கு அது. சுருண்டு படுத்தால் வேகவைத்த மாவுருண்டை போலிருக்கும் என்பதால் அந்த உருண்டையின் செக் பெயரான க்னெட்லீக்கையே அதற்கு வைத்திருந்தாள். மாவுருண்டையை யார் நீளம் பார்ப்பார்கள்?

"நீங்க எப்படிங்க அளந்தீங்க?" என்று தலைவி ஹோலுபொவா கேட்டாள்.

"பாம்பை எதுக்கு அளக்கணும்? அது உரிச்ச சட்டைதான் என் வீட்டுச் சுவர்லயே இருக்கே."

சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த நீண்ட பலகையை நாற்காலிக்குப் பின்னாலிருந்து எடுத்தார். அதில் தோல் முழுசாக ஒட்டப்பட்டு மினுமினுத்தது. அடியில் பித்தளைத் தகடு. அதில் 2.31.

அந்தத் தோலை அவருக்குக் கொடுத்தவள் வெந்துலா. அறுபதாவது பிறந்தநாளுக்கு. மனிதர் அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டிருந்தார். பாம்பு தண்ணீர்த் தொட்டியில் உரித்துப் போட்டதை வால்நுனி கிழியாமல் எடுத்து, மெல்லிய தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி மேல்மாடியிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று கையைப் பிடித்துக் குலுக்கியவர், இன்று அதையே அவளுக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்.

"அது... தோல் நீளும்" என்றாள் வெந்துலா.

"என்னம்மா? சத்தமா சொல்லு" என்றார் மதௌஷெக்.

"உரிக்கிறப்பவே தோல் நீண்டுபோயிடும். ஈரமா இருந்தா இன்னும் நீளும். செதிலுக்குச் செதில் இடைவெளி தெரியுது பாருங்க. உயிரோட இருக்கிற பாம்புல அப்படி இருக்காது."

"ஓ! நம்ம காலுறை மாதிரியா?" யாரோ சிரித்தார்கள். "போட்டுப் போட்டு லொடலொடன்னு ஆயிடுமாக்கும்!"

அறையே சிரித்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுந்தாள், மாடிக்குப் போனாள், தலையணை உறையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். உறை அசைந்ததும் நாற்காலிகள் தடதடவென்று பின்வாங்கின.

"அம்மாடி, அதை இங்கயா கொண்டு வந்தே!"

"பேசினது அதைப் பத்தித்தானே?"

க்னெட்லீக்கைச் சுவரோரம் இறக்கிவிட்டாள். திறந்த இடம் பிடிக்காததால் அது சுவரை ஒட்டியே நகர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு நூல்கயிறு எடுத்தாள். மூக்கிலிருந்து முதுகெலும்பு மேலாகவே வால்நுனிவரை, எந்த வளைவையும் விடாமல் வைக்க வேண்டும். ஒரு முனையை யாராவது பிடித்தால்தான் முடியும்.

"கயித்தை அவளே பிடிச்சா அவ இஷ்டத்துக்குத்தான் வரும்" என்றார் மதௌஷெக்.

"அப்போ நீங்க வந்து பிடிங்க சார். மூக்குப் பக்கம்."

மதௌஷெக் தன் செருப்பைப் பார்த்தார்.

"தள்ளு, ஓல்டா" என்று அவர் மனைவி லிபுஷே எழுந்து வந்தாள். முழங்காலை மடித்து உட்கார்ந்து, பாம்பின் மூக்கருகே கயிற்றை இரண்டு விரலால் பிடித்தாள். க்னெட்லீக் நாக்கை நீட்டி அவள் கட்டைவிரலை விசாரித்தது.

"ஜில்லுன்னு இருக்குமோன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

கயிற்றைத் தரையில் நீட்டி, ஹோலுபொவாவே அளவுநாடா பிடித்தாள். ஒன்று எண்பத்து மூன்று. "இன்னொரு தடவை!" என்றார் மதௌஷெக். மறுபடியும் வைத்தார்கள். அரை விரல்கூட மாறவில்லை.

"பாம்பு பயத்துல சுருங்கியிருக்கும். இல்லன்னா அரை மீட்டர் எங்க போச்சு?"

"எங்க போச்சா?" லிபுஷே முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சுருக்கம் விழுது, சுருக்கம் விழுதுன்னு ஈரத்துணி போட்டுப் போட்டு இழுத்தது யாரு? 'நீ தலையைப் பிடி, நான் வாலை இழுக்கிறேன்'னு சொன்னியே! குண்டூசி குத்தினது நான்தான். பலகை போதலைன்னு கடைக்குப் போய்ப் பெரிய பலகை வாங்கிட்டு வந்தது நீ."

இம்முறை சிரிப்பு வேறு பக்கம் போனது. மதௌஷெக்கின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"இரண்டு மீட்டருக்குக் கீழ். பாம்பு இருக்கலாம். அடுத்தது, மிதிவண்டிக் கொட்டகை" என்றாள் ஹோலுபொவா.

எல்லோருக்கும் அவ்வளவுதான். நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. யாரோ கேக் தட்டை நீட்டினார்கள். ஒரு "தப்பா நெனச்சுக்காதே" கூட இல்லை. வெந்துலா க்னெட்லீக்கை உறைக்குள் விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அவள் கதவோரம் திரும்பவில்லை. மதௌஷெக்கின் எதிரில் போய் நின்றாள்.

"அந்தத் தகட்டை எடுங்க."

"எது? ஏம்மா, அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"நான் கொடுத்த தோலு. அதுக்குக் கீழே பொய் இருக்கக் கூடாது."

அவர் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்மா. என் மச்சான்கூடப் பார்த்துட்டுப் போயிருக்கான்." பிறகு இன்னும் தாழ்த்தி, "சரி, ரெண்டுன்னு போட்டுக்கறேன். முழுசா ரெண்டு. அதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"ஒண்ணு எண்பத்தி மூணு."

"ஒண்ணு தொண்ணூறு?"

லிபுஷே பின்னாலிருந்து தன் கைப்பையைத் திறந்து, நகம் தேய்க்கும் இரும்பு அரத்தை எடுத்து வெந்துலாவின் கையில் வைத்தாள். வெந்துலா தகட்டின் விளிம்பில் அதை நுழைத்து நெம்பினாள். பசை விட்டுத் தகடு சிமென்ட் தரையில் விழுந்து கணீரென்றது. கொட்டகைப் பேச்சு நின்றது.

"ஒண்ணு எண்பத்தி மூணு" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.