யூனிஸ் துவைத்த சேலை

எங்கள் ஸ்டேஷன் தாம்பரத்துக்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் இன்னும் நாலு பேருக்குக் கோபம் வரும். அதில் நான் ரைட்டர். ரைட்டர் என்றால் புகாரை எழுதும் ஏட்டு. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். மைக்கறை, முதுகுவலி, வருகிறவன் போகிறவனின் எரிச்சல், அவ்வளவுதான்.

எழுபத்தொன்று பிப்ரவரியில் ஒரு நாள். இன்ஸ்பெக்டர் துரைராஜ் உட்பட எல்லோரும் எலக்‌ஷன் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். மூன்று மணி வாக்கில் அம்மணி வந்தாள். முப்பது வயதிருக்கும். கல் குவாரியில் ஜல்லி உடைக்கிறவள், புருஷன் செத்துப்போய்விட்டான். தலையெல்லாம் கல்தூள்.

"மேஸ்திரி ஏகநாதன் என்னைக் கெடுத்துட்டான் சார்," என்றாள். சாப்பாட்டு நேரத்தில், வெடிமருந்து ஷெட்டுக்குப் பின்னால். எல்லாவற்றையும் நின்றுகொண்டேதான் சொன்னாள். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அதைக் கேஸாகப் பதிந்து நம்பர் போட இன்ஸ்பெக்டர் வர வேண்டும். சட்டத்தில் அப்படி இல்லை, எங்கள் ஸ்டேஷன் வழக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் காலையில்தான் இருப்பார். பெண் போலீஸ் என்ற ஒன்றே அப்போது கிடையாது. இருட்டினால் பொம்பளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. குவாரிக் குடிசைக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே மேஸ்திரி இருப்பான். வேறு வழி தெரியாமல் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸுக்கு, என் வீட்டுக்கே, கூட்டிக்கொண்டு போனேன்.

என் மனைவி யூனிஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்போதுதான் வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் காதோடு சொல்லி, "கொஞ்சம் பார்த்துக்கோ," என்று விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

நன்றாகவே பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலை பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனவன் கொடியைப் பார்த்தேன். அம்மணியின் சேலை, பாவாடை, ரவிக்கை எல்லாம் சவுக்காரம் போட்டு அலசி, நீலம்கூடப் போட்டு, பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தன. வெந்நீர் வைத்து அவளுக்குத் தலைக்கும் ஊற்றியிருக்கிறாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் பார்க்கும்வரை குளிக்கக்கூடாது, உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரில் போடக்கூடாது. இருபது வருஷ சர்வீஸில் இது எனக்குத் தெரியும். வீட்டில்தான் சொல்லவில்லை.

"அந்தத் துணியோட ஒரு பொம்பளையை எப்படிங்க படுக்கச் சொல்றது?" என்றாள் யூனிஸ். நான் விளக்கியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "நேத்தே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

லேடி டாக்டர் நல்ல மாதிரி. தோளில் நகக்கீறல், முதுகில் சிராய்ப்பு என்று எழுதினார். குளித்துவிட்டபடியால் மற்றதற்கு ஒன்றும் சொல்ல இயலாது என்றும் எழுதினார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வீசினார். "யோவ் லாசரஸ், போலீஸ்காரன் வீட்லயே தடயத்தை அழிச்சாங்கன்னு கோர்ட்ல வந்தா உன் வேலை போகும், என் பிரமோஷனும் போகும். அவளே குளிச்சுட்டு, அவளே துவைச்சுட்டு வந்தான்னு எழுதுய்யா. அப்புறம் கேஸ் நின்னா நிக்குது, விழுந்தா விழுது."

எழுதினேன். பூசி மெழுகுவது எனக்குக் கை பழகிய வேலை. நிஜமாகவே கெடுத்திருந்தால் எதற்குத் துவைத்தாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கேஸை முடித்துவிடுவார் என்பது எழுதும்போதே தெரிந்தது. தெரிந்துதான் எழுதினேன்.

கைநாட்டு வாங்குமுன் படித்துக் காட்ட வேண்டும். படித்தேன். அம்மணி கடைசிவரை கவனமாகக் கேட்டாள்.

"நான் துவைக்கலியே சார். டீச்சரம்மாதானே துவைச்சாங்க?"

"அப்படி எழுதினா அவங்க கோர்ட்டுக்கு வரணும்மா. அவங்களுக்குக் கஷ்டம்."

"வரட்டுமே. அவங்கதானே பார்த்தாங்க."

"என்னத்தைப் பார்த்தாங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சேலையில இருந்த ரத்தத்தை. முதுவுல குத்திகினு இருந்த ஜல்லியை அவங்கதான் ஒண்ணொண்ணா எடுத்தாங்க. நீ அவங்களை ஒரு வார்த்தை கேக்கவேயில்லியா சார்?"

கேட்கவில்லை. சேலை போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்ட எனக்கு, துவைத்தவளும் ஒரு சாட்சி என்று உறைக்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "உன் தலையெழுத்து," என்று நம்பர் போட்டார். எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு அத்தோடு போயிற்று.

கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வர இரண்டு வருஷம் ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மணி கூலியை விட்டுவிட்டு வந்து மரத்தடியில் காத்திருந்தாள். என் சாட்சி முடிந்து, யூனிஸ் கூண்டில் ஏறினாள். பார்த்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"போலீஸ்காரர் சம்சாரம் நீங்க. துணியைத் துவைக்கக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. இந்த மாதிரி விஷயத்தை அவர் வீட்ல பேசினதே இல்லை. அன்னிக்குக் காலையிலதான் கேட்டேன், இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை பேர் வந்தாங்கன்னு. பதினோரு பேர்னு சொன்னார். ஒருத்தர் கேஸும் கோர்ட்டுக்கு வரலையாம்."

வக்கீலின் சிரிப்பு நின்றது. ஜட்ஜ் நிமிர்ந்து என்னைத் தேடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மானம் போகும், ஊர் சிரிக்கும், பேசாமல் வீட்டுக்குப் போம்மா என்று பதினோரு பேரையும் வாசலோடு அனுப்பிவைத்தவன் நான்தான். நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஏகநாதனுக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. தீர்ப்பு முடிந்து மூன்று பேரும் ரயிலுக்குக் காத்திருந்தோம். ஜெயித்த மாதிரி யாருக்கும் இல்லை, கால் வலிதான் பெரிதாக இருந்தது. யூனிஸ் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனதும் அம்மணி என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பதினோரு பேரும் இன்னா ஆனாங்க சார்?"

தெரியாது என்றேன். அவர்களில் ஒருத்தி பெயரைக்கூட நான் எழுதி வைக்கவில்லை.