ஆதிநாராயணன், குடும்பத் தலைவர்

டெபோரா திருப்பதியில் ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவள். சொந்த ஊர் சித்தூர். ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்கு அவள் பெயரைப் போட்டபோது, பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் சந்துகளையும் மேம்பாலத்தின் கீழ்ப்பகுதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். காலையில் பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல் வீடுவீடாக நடை. எல்லாம் செல்போனில்தான். ஆப் பாதியில் நின்றுபோகும். கேட்டதையே மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்கும்போது சில வீட்டுப் பெண்களுக்கு வயது குறைந்திருக்கும்.

சிரிப்பதற்கும் நேரங்கள் இருந்தன. ஒரு லாட்ஜ் மேனேஜர் அவளைச் சுகாதாரத்துறை ஆள் என்று நினைத்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, காபி கொடுத்து உபசரித்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, குடும்பத் தலைவர் யார் என்ற கேள்விக்கு ஒருவரை ஒருவர் கைகாட்டிச் சிரிக்க ஆரம்பித்து, பதில் சொல்ல முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் கணவன் தெலுங்கு, மனைவி தமிழ். குழந்தையின் தாய்மொழி எது என்று பெரிய வாக்குவாதம். "பாப்பா தூக்கத்துல உளறது தமிழ்ல, அத்தயே எழுதிக்கங்க டீச்சர்" என்று மனைவி சொன்னதும் கணவன் தலையில் அடித்துக்கொண்டு அதையே எழுதச் சொன்னான்.

பிப்ரவரி கடைசி இரவில் வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். அவர்கள் எங்கெங்கே படுக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார் ஜெயச்சந்திரன். அவர் ஒரு ஹெட்மாஸ்டர், இந்த வேலைக்கு டெபோராவின் சூப்பர்வைசர். அதற்காக ஒரு மத்தியானம் அவள் மேம்பாலத்தின் கீழே போனாள். அங்கே தள்ளுவண்டியில் இட்லி விற்கும் கங்கம்மாள் கூடவே வந்து, இவர் இங்கே படுப்பார், அவள் அங்கே படுப்பாள் என்று காட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு தூணில் சாய்ந்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் பை. மொட்டை போட்ட தலையில் முடி வளர்ந்து காதோரம் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. டெபோரா தெலுங்கில் பெயர் கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"என்னிய எழுதாத மா. எனக்கு ஊடு கீது. புள்ள வண்டி எடுத்தாரப் போய்க்கினு கீறான். இங்கியே குந்தினு இரு நைனான்னான். குந்தினு கீறேன்."

பொங்கலுக்கு முன்னால் வண்டி எடுக்கப் போன பிள்ளை அவன் என்று கங்கம்மாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். குடும்பத்தோடு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள். அவள்தான் இரண்டு வேளையும் அவருக்கு இட்லி கொடுத்துவருகிறாள். மழை வந்த அன்றுகூட அவர் அந்தத் தூணைவிட்டு நகரவில்லையாம்.

டெபோரா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். பெயர் ஆதிநாராயணன். ஊர் நகரி பக்கம் ஒரு கிராமம். கரும்பும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். மகன் ஹேமநாத், மருமகள் ரூபா. இவ்வளவும் சரளமாக வந்தது. மகனின் போன் நம்பரோ, என்றைக்கு வந்தோம் என்பதோ அவருக்கு நினைவில் இல்லை. பேச்சுக்கு நடுவே "நீ துன்னியா மா" என்று மூன்று தடவை கேட்டார்.

அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. சித்தூர் போகும் வழியில், அவளுடைய சபையைச் சேர்ந்த ஒருவர் முதியோர் விடுதி நடத்திவந்தார். அவருக்குப் போன் செய்தாள். ஓர் இடம் காலியாக இருப்பதாகவும் சனிக்கிழமை வேன் அனுப்புவதாகவும் சொன்னார். ஆனால் பெரியவர் தானாகச் சம்மதித்து வர வேண்டும், கட்டாயப்படுத்தி ஏற்ற மாட்டோம் என்றார். ஆதிநாராயணனிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்து, பிள்ளை வரும்வரைக்கும் என்றால் போகலாம் என்று தலையாட்டினார். கங்கம்மாள் அவருடைய வேட்டியைத் துவைத்துத் தருவதாகச் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் போதும். ஆனால் வீட்டாருக்குத் தெரியாமல் ஒருவரை விடுதியில் சேர்ப்பது சரியா என்று டெபோராவுக்கு உறுத்தியது. ஜெயச்சந்திரனிடம் ஊர்ப்பெயரைச் சொன்னாள். அந்த ஊருக்குக் கணக்கெடுப்பவள் வெங்கடலட்சுமி என்கிற டீச்சர். மறுநாள் அவளே போன் செய்தாள். அந்த வீட்டைத் தான் எழுதி முடித்துவிட்டதாகவும், ஆதிநாராயணன் அங்கேதான் இருப்பதாகவும் சொன்னாள். பெரியவர் அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், இந்த வாரம் வந்துவிடுவார் என்று மகன் சொன்னானாம். குடும்பத் தலைவர் என்று முதல் பெயராக அவரைத்தான் எழுதச் சொன்னானாம்.

நம்பர் கேட்டபோது, கணக்கெடுப்பில் வாங்கிய எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று வெங்கடலட்சுமி மறுத்தாள். வேண்டுமானால் ஹேமநாத்தைப் பேசச் சொல்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலமே அவன் பேசினான்.  "அவுரு எங்க நைனாதான் மேடம். நாந்தான் உட்டுட்டு வந்தேன்" என்றான்.

டெபோரா கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். அப்பாவுக்கு ஆள் அடையாளம் தப்பிப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடுவார். கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் ரூபாவை யாரோ திருட வந்தவள் என்று நினைத்து மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். அவள் அப்போது நாலு மாதம். தாய்வீட்டுக்குப் போனவள், அவர் இருக்கும் வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். மலைக்குப் போய் வேண்டிக்கொள்ளலாம் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தான். இறங்கியதும் அப்பாவை அந்தத் தூணோரம் உட்கார வைத்தான். வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் ஏன் பெயரை எழுதச் சொன்னாய் என்று டெபோரா கேட்டாள்.

"டீச்சரம்மா வந்து ஊட்டுக்குப் பெரியவங்க யாருன்னாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல மேடம். அவுரு கட்டின ஊடு." ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டெபோரா மேம்பாலத்துக்குப் போனாள். மகன் பேசினான் என்று சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். வருகிறேன் என்று சொன்னவன் வராமல் போனால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அதனால் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் தானாகவே, எங்கள் ஊரில் எழுத வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள் என்றாள்.

"எம் பேரு எழுதிக்கிறாங்களா மா?"

"எழுதியிருக்காங்கய்யா. மொதப் பேரே உங்களுதுதான்."

அவருடைய முகம் மாறிப்போயிற்று. கங்கம்மாளைக் கூப்பிட்டு, எம் பேரு ஊட்ல எழுதிக்கீது, மொதப் பேரு என்று சொன்னார். இட்லி தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர்களிடமும் சொன்னார். பொய் சொல்லாமல் ஒருவரைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்று டெபோரா நினைத்தாள்.

சனிக்கிழமை விடுதி வேன் வந்தது. துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி ஆதிநாராயணன் நின்றார். வர மாட்டேன் என்றார். டெபோரா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"யாரும் இல்லாதவங்க போற எடம் மா அது. எம் பேரு ஊட்ல எழுதிக்கீது. நான் எதுக்குப் போவணும்?"

டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அடுத்த வாரமே அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டதாக விடுதியிலிருந்து செய்தி வந்தது. சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஹேமநாத் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அவரை இங்கே எழுதட்டுமா, அங்கே பெயரை அடித்துவிடச் சொல்கிறீர்களா என்று டெபோரா ஜெயச்சந்திரனிடம் கேட்டாள். அவர் கெட்டவர் அல்ல. மூன்று வாரமாகத் தூக்கமில்லாதவர். அங்கே அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரன் தன் வாயால் சொல்ல வேண்டும், அவன் சொல்ல மாட்டான் என்றார். இங்கேயும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். "ஒகசாரி சாலம்மா" என்றார். ஒரு தடவை போதும் என்று அர்த்தம்.

கடைசி இரவு ஒரு போலீஸ்காரரும் ஜெயச்சந்திரனும் டார்ச்சோடு கூட வந்தார்கள். போர்வைக்குள்ளிருந்து பெயர்களைச் சொன்னவர்களை எழுதிக்கொண்டே தூணருகே வந்தாள். ஆதிநாராயணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். டெபோரா அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போனாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தத் தாண்டிப் போன காலடி அவள் மனதில் கிடந்து உறுத்தியது.

மார்ச் முதல் வாரத்தில் ஊருக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ரோடெல்லாம் சுத்தம் செய்தார்கள். கங்கம்மாளின் வண்டியையும் இரண்டு நாள் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது பாலத்தின் கீழே ஆளே இல்லை. தரையைக் கழுவி, தூண்களுக்கு வர்ணம் அடித்திருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பூக்காரி சொன்னாள். காளஹஸ்தி ரோட்டில் இறக்கிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். ரேணிகுண்டாவில் ரயிலில் ஏற்றினார்கள் என்று இன்னொருவர். அந்தப் பெரியவர் மட்டும், பிள்ளை இங்கேதான் வருவான் என்று தூணைக் கட்டிக்கொண்டாராம். இரண்டு பேர் சேர்ந்து கையைப் பிரித்தார்களாம்.

டெபோரா ஹேமநாத்துக்கு மெசேஜ் அனுப்பினாள். இந்தத் தடவை அவன் வந்தான். முதல் பஸ்ஸிலேயே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு பை. அதில் புது வேட்டியும் செருப்பும் இருந்தன. முந்தின வாரமே ரூபா, போய் அழைத்துவாருங்கள் என்று சொல்லிவிட்டாளாம். ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து இவன்தான் தள்ளிப்போட்டான்.

டெபோரா லீவு சொல்லிவிட்டு அவனோடு போனாள். நகராட்சித் தங்குமிடத்தில் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் பார்த்தார்கள். காளஹஸ்திக்குப் போய்க் கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஹேமநாத் தன் செல்லில் இருந்த படத்தைக் காட்டினான். அது கல்யாண வீட்டில் எடுத்தது. மீசையும் ஜரிகைத் துண்டுமாக இருந்த அந்த ஆளைப் பாலத்தின் கீழே பார்த்தவர்களுக்குக்கூட அடையாளம் தெரியவில்லை.

கடைசியில் திருப்பதிக்குத் திரும்பி ஒரு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க உட்கார்ந்தார்கள். ஏட்டு பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டார். எங்கே இருப்பவர் என்று கேட்டார். ஹேமநாத் ஊர்ப்பெயரைச் சொன்னான். அப்படியானால் அந்த ஊர் ஸ்டேஷனில்தானே கொடுக்க வேண்டும், இங்கே எப்படிக் காணாமல் போனார், எப்போதிலிருந்து காணோம் என்றார்.

ஹேமநாத் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

"காணாம போவல சார்" என்றான். "பொங்கலுக்கு முந்தி நாந்தான் உட்டுட்டுப் போனேன்."

ஏட்டு பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று டெபோரா நினைத்தாள். திட்டவில்லை. இந்த ஊரில் இது புதுசில்லை என்று தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அதன்பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமநாத் வந்தான். கங்கம்மாளின் வண்டியருகே நின்று, போகிறவர் வருகிறவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏப்ரலில் ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ரேணிகுண்டா பக்கம் தண்டவாளத்தோரம் ஒரு வயதான உடல், அடையாளம் பார்க்க வேண்டும் என்றார்கள். டெபோரா பிணவறைக்கு வெளியே நின்றாள். உள்ளே போனவன் சீக்கிரமே வந்தான்.

"அவுரு இல்ல மேடம். இவுரு குட்டையா கீறாரு."

சொல்லிவிட்டுச் சுவரோரம் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். டெபோரா அவன் பக்கத்தில் போய் நின்றாள். அது அவராக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தன் மனதில் ஓடியதை நினைத்து அவள் நடுங்கிப்போயிருந்தாள். அவனுக்கும் அதுவே ஓடியிருக்க வேண்டும்.

எதிரே இருந்த கடையில் டீ குடித்தார்கள். ரூபாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, இனி அடிக்கடி வர முடியாது என்று ஹேமநாத் சொன்னான். புத்தூர் பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. பஸ் போன பிறகும் டெபோரா வெயிலில் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.