இருபதுக்குக் குறைவு

பள்ளிகளை எடைபோடும் பழைய சட்டம் ஒழிந்தது என்று வாஷிங்டனிலிருந்து செய்தி வந்த அன்று, மார்கிட் ஹோவ்லண்ட் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். சந்தோஷத்தில்தான். டகோட்டா சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் நெஸ்வாலி ஊர்ப் பள்ளிக்கு அவள்தான் தலைமையாசிரியை. அவள் பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு வருடம்கூட அந்தப் பள்ளி தேறியதில்லை.

பிள்ளைகள் மக்குகள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சட்டத்தின் வழி அப்படி. பள்ளியை மொத்தமாகப் பார்க்காமல், ஏழைப் பிள்ளைகள், கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் போதும், அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கூட்டம் சறுக்கினால் பள்ளி முழுக்க பெயில். நெஸ்வாலியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பதின்மூன்று பேர். ஆகஸ்டு பிறந்தால் மாவட்டப் பத்திரிகையில் பெயிலான பள்ளிகளின் பட்டியல் வரும், பட்டியலில் நெஸ்வாலி இருக்கும்.

தானியக் கிடங்கில் லாரியை நிறுத்திவிட்டு நிற்கும் விவசாயிகளுக்கு அது நல்ல தீனி.

“என்ன மார்கிட், இந்த வருஷமும் கோட்டை விட்டாச்சா? பசங்களை அனுப்பு, மூட்டை தூக்கவாவது சொல்லித் தரேன்” என்பான் ஆர்டன். பள்ளி வாரியத்தின் தலைவனே அவன்தான். மார்கிட் சிரித்து வைப்பாள். அந்த ஊரில் கோபப்படுவது, சாப்பாட்டு மேஜையில் மூக்கு சிந்துவதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள்.

புதுச் சட்டம் முடிவுகளை மாநிலத்திடமே விட்டுவிட்டது. எத்தனை பேர் இருந்தால் ஒரு கூட்டத்தைக் கணக்கில் எடுப்பது என்பதும் அதில் அடக்கம். புதுத் திட்டம் எழுதும் குழு ஊர் ஊராக வந்து கருத்துக் கேட்கும் என்றார்கள். மார்கிட் அன்றே முடிவு செய்துவிட்டாள். பத்து என்பதை இருபது ஆக்கச் சொல்ல வேண்டும். இருபது ஆகிவிட்டால் பதின்மூன்று பேர் கணக்கில் வர மாட்டார்கள், பள்ளி தலை நிமிரும்.

இதைக் கேட்டதும் முகம் சுருங்கியவள் அடீல் கிரான்ஸ் ஒருத்திதான். அந்தப் பதின்மூன்று பேருக்கும் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கவென்றே இருந்த ஆசிரியை. பள்ளி பட்டியலில் இருந்ததால் கிடைத்த அரசு உதவிப் பணத்தில்தான் அவளுக்குச் சம்பளம்.

“மார்கிட், இதுங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டா, நாளைக்கு இதுங்களுக்காக யாரு கேப்பாங்க?”

“நாம எதுக்கு இருக்கோம்? நாம கேப்போம்.”

“என் சம்பளம்?”

“வாரியம் கொடுக்கும். நம்ம ஆளுங்க கைவிட மாட்டாங்க, அடீல்.”

அடீல் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மார்கிட்டுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு ஒரு தாயை அழைத்துப் போனால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கையருகிலேயே ஒருத்தி இருந்தாள், பள்ளிச் சமையல்காரி ரெனே பியெர்க்கி. ரெனேயின் மகன் வேட் அந்தப் பதின்மூன்றில் ஒருவன், ஒன்பது வயது. ரெனேயே சிறுமியாக மார்கிட்டிடம் படித்தவள், இன்னமும் வாய்நிறைய ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“எனக்கு நாலு பேர் முன்னால பேச வராது டீச்சர். வேணும்னா கேக் செஞ்சு தரேன், எடுத்துட்டுப் போங்க.”

“கேக்கும் செய், நீயும் வா. வேட் பஸ்ல அழுதுட்டு வந்தான்னு சொன்னியே, அதை மட்டும் சொல்லு.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று ரெனே ஒப்புக்கொண்டாள்.

பக்கத்து ஊர் நீதிமன்றக் கூடத்தில் கூட்டம். பனி உருகிச் சேறான ஏப்ரல் மாதம், எல்லார் பூட்ஸிலும் மண். மார்கிட் முதலில் எழுந்து, சின்னப் பள்ளியில் ஒரு கைப்பிடிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, இருபதுக்குக் குறைந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று கணீரென்று பேசினாள். குழுவினர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ரெனே எழுந்தாள். கேக் தட்டின் மூடியைக் கையில் பிடித்தபடியே பேசினாள்.

“என் பையன் பேரு வேட். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதும்மான்னு சொல்வான். பேப்பர்ல ஸ்கூல் பேரு வந்தப்போ பஸ்ல பெரிய பசங்க, உன்னாலதாண்டா நாம பெயிலுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவன் சாப்பிடலை. என்னாலதானாம்மான்னு கேட்டான். ஒரு சின்னப் பையன் தலையில இவ்வளவு பாரம் வேணாங்க. அவ்ளோதான்.”

குழுவில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று கேக் தின்றார்கள். இருபது என்பதே மாநிலத்தின் திட்டத்தில் ஏறியது. அன்று ரெனே பேசாவிட்டால் ஏறியிருக்காது என்று பிற்பாடு பலரும் மார்கிட்டிடம் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

புதுச் சட்டப்படி வந்த முதல் பட்டியலில் நெஸ்வாலி இல்லை. பள்ளி மணியை ஐந்து நிமிடம் விடாமல் அடித்தார்கள். ஆர்டனே வந்து கைகுலுக்கினான். வேட் இரண்டு துண்டு கேக் தின்றான். வருடக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைத்தது போல மார்கிட் அன்று நடந்தாள். அந்த நாளை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

வசந்தத்தில் வாரியம் கூடியது. பட்டியலில் இல்லாத பள்ளிக்கு உதவிப் பணம் இல்லை. அடீலின் சம்பளத்தை வாரியமே ஏற்க வேண்டும் என்று மார்கிட் கேட்டாள்.

“நம்ம ஸ்கூல் இப்ப நல்லாத்தானே இருக்கு? பேப்பர்லயே போட்டுட்டானே” என்றான் ஆர்டன். அவன் குரலில் குதர்க்கம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

“அந்தப் பதின்மூணு பசங்க இன்னும் திணறுறாங்க, ஆர்டன்.”

“எதை வெச்சு சொல்றே?”

“அவங்க மார்க்கை வெச்சுத்தான்.”

“இருபதுக்குக் குறைஞ்சா அந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லைன்னு நீதானேம்மா அங்க போய் பேசினே? நானும் பின் வரிசையில உக்காந்து கேட்டேனே. ரொம்ப நல்லாப் பேசினே.”

 சொன்னது பொய் ஆர்டன், என் பள்ளி பேர் கெடக்கூடாது என்பதற்காகச் சொன்னது என்று மார்கிட் கத்தியிருக்க வேண்டும். மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். பள்ளி விளையாட்டுக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது, பணத்தில் அதற்குத்தான் முதலிடம் என்று வாரியத்தார் கை தூக்கினார்கள். கூட்டம் முடிந்ததும் வழக்கம் போல எல்லாரும் காப்பிக்கு நின்றார்கள். மார்கிட் என்ன செய்தாள்? காப்பிக் கெண்டியை எடுத்து, ஆர்டனின் கோப்பையை நிரப்பி, “விதைப்பு எப்படிப் போகுது?” என்று கேட்டாள். அதுதான் அந்த ஊர் வழக்கம். வாய் தவறிக்கூட ஒரு கடுஞ்சொல் வரவில்லை.

அடீல் தூரத்து நகரப் பள்ளி ஒன்றுக்குப் போய்விட்டாள். போகும்போது குத்திக்காட்டவில்லை. பிள்ளைகள் யார் யாருக்கு எந்த எழுத்தில் தடுக்கும் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனாள். அவள் இடத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் கணினிப் பாடம் வந்தது. வேட் கடைசி வரிசையில் அதை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. யாரும் அவனை எதுவுமே சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் மார்கிட் சமையலறைக்குப் போனாள். தானாகப் போக அவளுக்கு இத்தனை மாதம் ஆயிற்று. ரெனே பெரிய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வேட் எப்படி இருக்கான்?”

“இருக்கான் டீச்சர். அடீல் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுல பாதி மறந்துட்டான். புத்தகத்தை எடுன்னா பாத்ரூம் போயிடறான்.” ரெனே திரும்பாமலே தேய்த்தாள். “நேத்து ஒண்ணு கேட்டான். அடீல் டீச்சர் என்னால போயிட்டாங்களாம்மான்னு.”



“நீ என்ன சொன்னே?”

“இல்லடா, உங்கம்மாவாலன்னேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நின்னப்போ, என் பையனுக்காகப் பேசுறேன்னு நெனச்சேன் டீச்சர். என் பையனை எண்ணாதீங்கன்னு சொல்றேன்னு தெரியலை.”

“உன்னால இல்லை, ரெனே. என்னால. அடீல் எனக்கு அன்னைக்கே சொன்னா. எல்லாம் தெரிஞ்சுதான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன்.”

தட்டு தேய்க்கும் சத்தம் நின்றது. திட்டட்டும் என்று மார்கிட் காத்திருந்தாள். ஒரு வார்த்தை, கெட்ட வார்த்தையாக இருந்தாலும் போதும், பதிலுக்கு இவளும் அழலாம். அதன் பிறகு இருவரும் சேர்ந்து போய் எந்தக் கதவையாவது தட்டலாம்.

ரெனே கையைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பின் மேலிருந்த கெண்டியை எடுத்து ஒரு கோப்பையை விளிம்பு வரை நிரப்பி மார்கிட்டின் பக்கம் நகர்த்தினாள்.

“குடிங்க டீச்சர், ஆறிடும்” என்றாள். “இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துடும்போல இருக்கு.”