பெட்டிக்குள் தண்ணீர்

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடவிடப் போவதாகச் சிந்தி சொன்னபோது அவளுடைய அம்மா ஜிசேல் வஞ்சிர மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“கரண்டு ஓடற சாமானுக்குள்ளயா?”

“குழாய்க்குள்ள ஓடும் மம்மா. வெளிய வராது.”

“வந்துச்சுன்னா?”

“வராதுன்னு சொல்றேன்ல.”

வந்தது. பெட்டியைப் பூட்டி முடித்து, மோட்டாரை மட்டும் தனியாக ஓடவிட்டு, அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்துவைத்துச் சோதனை பார்த்த அன்றே வந்தது. குழாய்களை இணைக்கும் ஒரு திருகில் கசிந்தது. அதை இறுக்கினால் இன்னொன்றில் கசிந்தது. அதற்குள்ளிருந்த ரப்பர் வளையத்தை மாற்றினால், முதலில் இறுக்கியது மறுபடியும் சொட்டியது. சிந்தி ரெட்டியார்பாளையத்து மாடி வீட்டின் தரையில் உட்கார்ந்து, ஈரமான பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வயதில் தேம்பி அழுதாள். ஜிசேல் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிந்தி இதை ஆடம்பரத்துக்குச் செய்யவில்லை. சென்னையில் பிரெஞ்சுக்காரர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டிலிருந்தபடி கேம் விளையாடி அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டைவிட அவள் பேச்சுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டி, மறுபடி தமிழுக்கு வந்து சேருவாள். ஆனால் மே மாதத்து வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அந்த அறை கொதித்தது. பழைய கம்ப்யூட்டரின் விசிறிகள் மாவு மில் போல இரைந்தன. “அக்கா, நீங்க மில்லுக்குள்ள உக்காந்து பேசறீங்களா?” என்று பார்ப்பவர்கள் கேட்டார்கள். அதனால்தான், விசிறிக்குப் பதிலாகச் சூட்டை எடுத்துப்போகத் தண்ணீர்.

சாமான்கள் வந்து சேர்வதற்குள்ளேயே உயிர் போயிற்று. சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் சென்னையிலிருந்து நசுங்கி வந்தது. திருப்பி அனுப்பினால் வேறு அளவில் வந்தது. சில்லுகளின் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் செப்புத் தகடுகளைப் பிரான்சிலிருந்து அண்ணன் அலெக்சி தெரிந்தவர் பெட்டியில் கொடுத்தனுப்பினான். கூடவே, தன் ஆபீசில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இந்த விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டுக் கிளம்பி வா என்று செய்தியும் அனுப்பினான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சுடுகாற்று அடிக்கும் ஹீட் கன்னால் இளக்கி வளைக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் காட்டினால் குமிழ் விடும், குறைவாகக் காட்டினால் ஒடியும். சிந்தி ஒடித்ததும் கருக்கியதும் ஒரு வாளி நிறையச் சேர்ந்தது. ஜிசேல் அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம், “அலெக்சி கேட்டான், எப்ப வரேன்னு” என்பார்.

முத்தியால்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த செம்மல் அவளுடன் காலேஜில் படித்தவன். அவன் ஆரம்பத்திலிருந்தே தலையில் அடித்துக்கொண்டான். “காத்துல ஓடறத எதுக்கு தண்ணில ஓட்டற? தண்ணி இல்லாமயே இங்க உப்புக் காத்துல போர்டெல்லாம் துரு ஏறுது.”

“ஒன் கருத்த கேட்டனா?”

“கேக்கல. இருந்தாலும் சொல்றேன்.”

ஆனாலும் எல்லாத் திருகுகளையும் கழற்றி, ரப்பர் வளையங்கள் முறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, சரியாக உட்காரவைத்த நாளில் அவனும் கூட இருந்தான். அதன்பின் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. நீலநிறத் திரவம் அந்தக் குழாய்களில் சத்தமில்லாமல் சுற்றியது. அறையில் சிந்தியின் குரல் மட்டும் கேட்டது. நேரலையில் அவள் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தண்ணீர் குறையும், அவ்வப்போது ஊற்ற வேண்டும் என்று படித்திருந்தாள். அவளுடையதில் குறையவே இல்லை. மழைக்காலம் வந்தது, போனது. பெட்டிக்குள் திரவம் நிற்கும் சின்னத் தொட்டியில் மட்டம் அப்படியே இருந்தது. “பூட்டுனா இப்டிப் பூட்டணும்” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

நீலம் லேசாகப் பச்சையாக மாறியதையும் பார்த்தாள். நீலச் சாயம் வெளுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நல்ல வாய்ப்பு ஒன்று வந்தது. கல்லூரி அணிகளுக்கான ஒரு கேம் போட்டியில், அரையிறுதிக்கும் இறுதிக்கும் வீட்டிலிருந்தபடியே தமிழில் வர்ணனை செய்ய அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, யாரோ தேடி வந்து கூப்பிட்ட முதல் வேலை. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு மாலை இறுதி.

சனிக்கிழமை ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் திரை திக்கியது. படம் நின்று நின்று நகர்ந்தது. சூடு காட்டும் எண் நூறைத் தொட்டது. சிந்தி பேசிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள், மேசை விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பினாள். “காலாப்பட்டுப் பசங்க இப்ப பின்னாடி வழியா வராங்க, அவங்க தலைவர் மட்டும் முன்னாடி…” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் திரை கறுத்தது. மறுபடி போட்டாள். வந்தது, கறுத்தது.

போட்டி நடத்தியவர்கள் போன் செய்தார்கள். மீதியை வேறொருவர் சமாளித்துவிட்டாராம். நாளைக்கும் அவரையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை உங்களால் முடியுமா, மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு காலை சிந்தி திரவத்தை வடித்தாள். வாளியில் விழுந்தது நீலமும் இல்லை, சாயம் வெளுத்த பச்சையும் இல்லை. குளத்தில் மிதப்பது போலச் சளி சளியாக விழுந்தது. செப்புத் தகட்டைத் திறந்தபோது அதன் மெல்லிய பிளவுகள் எல்லாம் பாசியால் அடைத்திருந்தன.

“பாசி” என்றாள். “கம்ப்யூட்டருக்குள்ள பாசி.”

மாதா கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்த ஜிசேல், செருப்பைக் கழற்றாமல் அறை வாசலில் நின்றார்.

“இது வர வழியே இல்ல மம்மா. பாசி புடிக்காம மருந்து கலந்த தண்ணி. மூடி போட்டிருக்கு. நா ஒரு சொட்டு கூட ஊத்தல. ஊத்தவே தேவைப்படல…” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். ஊற்றவே தேவைப்படவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஜிசேல் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மம்மா. இதுல நீ எதுனா ஊத்துனியா?”

“கொஞ்சமாத்தான்.”

“என்னாத்த ஊத்துன?”

“மாதா கோயில் குளத்துத் தண்ணி.” குரல் தாழ்ந்தது. “நீ அன்னிக்கி அழுதல்ல. தண்ணி கொறஞ்சா கெட்டுடும்னு வேற சொன்ன. நீ வெளிய போனா தொட்டி மூடியக் காசால திருவித் தெறந்து, பாட்டில் மூடியால ஒரு மூடி ஊத்துவேன். வேண்டிக்கிட்டு எடுத்தாந்த நல்ல தண்ணிடி அது. வடிகட்டித்தான் ஊத்துனேன்.”

சிந்தி எழுந்து நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பிரெஞ்சிலும் சொன்னாள். யார் கேட்டார்கள் என்றாள். ஒரு பொருளைக்கூட இந்த வீட்டில் என் பொருளாக வைத்துக்கொள்ள முடியாதா என்றாள். கடைசியில், சொல்லக் கூடாது என்று நினைத்ததையும் சொன்னாள்.

“இது நின்னு போவட்டும்னுதான ஊத்துன? நின்னா நா பிளேன் ஏறிடுவேன். அலெக்சிக்கும் சந்தோஷம், ஒனக்கும் சந்தோஷம்.”

ஜிசேலின் முகம் சிவந்துவிட்டது. அவர் சத்தம் போட்டுச் சிந்தி கேட்டு வெகு நாளாயிற்று.

“நீ போவணும்னு நெனச்சா நா ஏன்டி வெயில்ல பஸ்ஸேறிப் போயி வரிசைல நின்னு தண்ணி எடுத்தாரேன்? சும்மா இருந்தாலே அது நின்னுருக்குமே! நிக்கக் கூடாதுன்னுதான்டி ஊத்துனேன்!”

“அப்பறம் எதுக்கு தெனம் அலெக்சி கேட்டான், அலெக்சி கேட்டான்னு…”

“அவன் கேக்கறான், நா சொல்றேன். சொல்லலன்னா அவனுக்குக் கோவம் வருது. நீ முடியாதுன்னு சொன்னா அதையும் சொல்லுவேன். நீதான் ஒண்ணும் சொல்லாம கதவ சாத்திக்கற.”

அது உண்மைதான். சிந்தி அலெக்சிக்கு இதுவரை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த உண்மை அந்த நேரத்தில் எந்த உதவியும் செய்யவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்து பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். ஜிசேல் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

செம்மல் ஸ்கூட்டரில் ஒரு பெரிய விசிறியோடு வந்தான். தண்ணீரை விட்டுவிட்டு இதை மாட்டிவிடலாம், அரை மணி நேர வேலை என்றான். பிரித்துப் பார்த்தால் அதை போர்டில் பொருத்தும் தகடு இல்லை. கடையில் இருக்கும் என்றான். கடைக்குப் போய்த் தேடிவிட்டுப் போன் செய்தான்.

“இருக்குது. ஆனா வேற போர்டுக்கு உண்டானது.”

“செம்மல், நா இப்ப ஒன்ன கொன்னுடுவேன்.”

“தண்ணியே போடு. நா வரேன்.”

தண்ணீரே போடலாமென்றால், கழற்றும்போது இரண்டு குழாய்கள் விரிசல் விட்டிருந்தன. புதிதாக வளைக்க நேரமில்லை. செம்மல் பழைய திருகுகள் சிலவற்றையும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபையும் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் சிந்தி தன் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஊற்ற மருந்துத் திரவமும் இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்ற முடியாது, உப்பு. காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும்.

“பெட்ரோல் பங்க்ல பேட்டரி தண்ணி கெடைக்கும், போயி எடுத்தாந்துடறேன்” என்று செம்மல் சாவியை எடுத்தபோது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஜிசேல் இரண்டு கைகளிலும் வெள்ளை கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையின் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. கேன்களைத் தரையில் வைத்துவிட்டு, சிந்தியைப் பார்க்காமல் செம்மலிடம் சொன்னார்:

“கீழ் வூட்டுக்காரருகிட்ட கேட்டேன், கார் பேட்டரிக்கு என்னா தண்ணி ஊத்துவீங்கன்னு. அவருதான் சொன்னாரு, அந்தத் தண்ணில ஒண்ணுமே இருக்காதாம். ஒண்ணுமே இல்லாத தண்ணிதான வேணும் இவளுக்கு?”

செம்மல் சிந்தியைப் பார்த்தான். சிந்தி கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று இருந்தாள், உதடு கேட்கவில்லை.

“ஆமா மம்மா. இதான் வேணும்.”

போட்டிக்காரர்களிடம், தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு மறுபடி ஒரு திருகு கசிந்தது. சிந்தி எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். செம்மல் திருகைக் கழற்றினான். ஜிசேல் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு துண்டை வைத்து, குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இது காஞ்சிருக்கு. இதுவும் காஞ்சிருக்கு. இங்க வா, இது கொஞ்சம் பாரு… இல்ல, அது என் கை வேர்வை.”

மாலையில் பெட்டி ஓடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. கொத்தனார் டியூப் வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் கம்பியால் கட்டியிருந்தது. எண் அறுபதைத் தாண்டவில்லை. சிந்தி இறுதியாட்டம் முழுவதும் பேசினாள். முதல் பத்து நிமிடம் கண் எண்ணின் மேலேயே இருந்ததால் இரண்டு வீரர்களின் பெயரை மாற்றிச் சொன்னாள். அப்புறம் மறந்துவிட்டாள். கடைசிச் சுற்றில், தோற்கப்போன அணி எழுந்தபோது, அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே கத்தினாள். முடிந்ததும் போட்டிக்காரர்கள் நன்றி சொன்னார்கள். அடுத்த முறை கூப்பிடுவோம் என்று சொல்லவில்லை. கூப்பிட மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் சிந்தி அலெக்சிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டான். அம்மாவிடம் பேச வேண்டும் என்றான். அவள் போனை ஜிசேலிடம் கொடுத்தாள். “அவதான் சொல்லிட்டாளே, என்னாத்துக்கு என்ன கேக்கற?” என்று ஜிசேல் வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு அறைக்குள் வந்து, பெட்டியின் முன் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஒரு தடவ சொல்லு, எது எங்க போவுதுன்னு. தெரியாமத்தான தப்பு பண்ணேன்.”

சிந்தி சொன்னாள். இது மோட்டார், இது தள்ளும். இங்கே சூடாகும், அங்கே ஆறும், திரும்ப வரும்.

“அப்ப அதே தண்ணிதான் திரும்பத் திரும்ப வருதா?”

“அதேதான்.”

“எவ்ளோ நாளைக்கி?”

“ஒரு வருஷம். அப்பறம் மாத்தணும்.”

“ஒரு வருஷமா அதே தண்ணியா!” ஜிசேல் முகத்தைச் சுளித்தார். “கொடத்துத் தண்ணியக்கூட நாம ரெண்டு நாளைக்கி மேல வைக்க மாட்டோம். வாரா வாரம் மாத்திடு, நா புடிச்சாந்து தரேன்.”

“மம்மா, வேணாம்.”

“ஏன்? மாத்துனா நல்லதுதான?”

சிந்தி கண்ணை மூடித் திறந்தாள். மூச்சை இழுத்துவிட்டு, விரலை மறுபடி மோட்டாரின் மேல் வைத்தாள்.

“மொதல்லேர்ந்து சொல்றேன். நடுவுல பேசாத.”